சாந்தா ஃபே: மண்சுவருக்குப் பின்னால் ஒரு வரலாறு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத் தலைநகர் சாந்தா ஃபே. அதைப் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: 1610-இல் ஸ்பானியர் நிறுவிய நகரம், அந்நாட்டின் மாநிலத் தலைநகரங்களிலேயே மிகப் பழமையானது. செய்தி சரிதான். ஆனால், அதோடு புத்தகத்தை மூடிவிடும் மாணவர், அந்நகரத்தின் பாதிக் கதையைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை என்பதே என் கருத்து.

நகரம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கும் மேலே, நம் கெந்திங் மலையைவிட உயரமான வறண்ட மேட்டுநிலத்தில். வெயிலும் கடுமை, குளிர்காலப் பனியும் கடுமை. களிமண்ணையும் மணலையும் வைக்கோலையும் குழைத்து, வெயிலில் காயவைத்த கற்களால் தடித்த சுவர் எழுப்பினால், அது பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் மெல்ல வெளிவிடும். இந்த மண்கல்லுக்கு 'அடோபி' என்று பெயர். அது அரபு மொழியிலிருந்து ஸ்பானிய மொழிக்குப் போன சொல். பாசனக் கால்வாயைக் குறிக்கும் 'அசேக்கியா'வும் அப்படித்தான். ஸ்பெயினைப் பல நூற்றாண்டுகள் ஆண்ட முஸ்லிம்களின் சொற்கள், ஸ்பானியரோடு கடல் கடந்து அமெரிக்கப் பாலைநிலத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த புவெப்லோ மக்களோ, ஸ்பானியர் வருவதற்கு முன்பே மண்ணால் அடுக்கு வீடுகள் கட்டத் தெரிந்தவர்கள். 'ஸ்பானியக் கட்டடக்கலை' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுவதில் எத்தனை பேரின் கைவேலை இருக்கிறது, பாருங்கள்!

இன்று அந்நகரில் எங்கும் தெரியும் மண்நிறம்கூடத் தானாக நிலைத்ததன்று. அமெரிக்க ஆட்சி வந்தபின் செங்கல் கட்டடங்கள் பெருகின. 1880-இல் ரயிலின் முக்கியப் பாதை நகரைத் தொடாமல் விலகிப் போனதால் வணிகம் மங்கியது. பயணிகளை ஈர்க்க வேண்டும் என்று 1912-இல் பழைய தோற்றத்தை மீட்கத் திட்டமிட்டார்கள். 1957-இல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். மண்வீடு போலத் தெரியும் பல கட்டடங்கள் உண்மையில் சிமெண்டுப் பூச்சுதான். இதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சட்டம் இல்லையென்றால் சாந்தா ஃபேயும் இன்னொரு கண்ணாடிக் கட்டட நகரமாகிப் போயிருக்கும். ஆனால், சுவரின் நிறத்தைச் சட்டம் போட்டுக் காக்கலாம். நடந்ததை யார் காப்பது?

1675-இல் புவெப்லோ சமயத் தலைவர்கள் 47 பேரை ஸ்பானியர் கைது செய்தனர். சிலரைத் தூக்கிலிட்டனர், மற்றவர்களைச் சவுக்கால் அடித்தனர். அடிபட்டவர்களுள் ஒருவர் போப்பே. ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் முன்னின்று திட்டமிட்ட எழுச்சிக்குக் கருவியாக இருந்தது வெறும் முடிச்சுக் கயிறு. ஓட்டக்காரர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நாளுக்கு ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். கடைசி முடிச்சு அவிழும் நாளில் எல்லா ஊர்களும் ஒன்றாக எழ வேண்டும். அந்த ஊர்கள் ஒரே மொழி பேசியவையும் அல்ல. ஓட்டக்காரர் இருவர் பிடிபட்டதும், காத்திராமல் முன்கூட்டியே, 1680 ஆகஸ்ட் 10-இல் எழுச்சி வெடித்தது. ஏறத்தாழ 400 ஸ்பானியர் உயிரிழந்தனர். சாந்தா ஃபே முற்றுகையிடப்பட்டது. நகருக்கு வரும் நீரும் துண்டிக்கப்பட்டது. எஞ்சிய ஸ்பானியர் தெற்கே வெளியேறினர். அடுத்த 12 ஆண்டுகள் ஆளுநர் மாளிகையில் குடியிருந்தவர்கள் புவெப்லோ மக்கள்தாம்.

1692-இல் தியேகோ தெ வர்காஸ் திரும்பி வந்தார். அதை 'இரத்தம் சிந்தாத மீட்பு' என்று நெடுங்காலம் கொண்டாடினார்கள். ஆனால், மறு ஆண்டே அவர் நகரைப் போரிட்டுத்தான் பிடித்தார். எதிர்த்து நின்றவர்களில் 70 பேருக்கு மரண தண்டனை விதித்தார். விழாவில் அவருடைய வருகையை ஆண்டுதோறும் நடித்துக் காட்டிய காட்சி, பழங்குடியினரின் எதிர்ப்புக்குப் பிறகு 2018-இல்தான் கைவிடப்பட்டது.

நகரின் நடுச் சதுக்கத்திலும் இதே வழக்குத்தான். அங்கிருந்த 19-ஆம் நூற்றாண்டு நினைவுத்தூண் ஒன்று, பழங்குடியினரைக் 'காட்டுமிராண்டிகள்' என்று குறிப்பிட்டது. 1974-இல் ஒருவர் உளியால் அந்தச் சொல்லை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டார். 2020 அக்டோபரில் போராட்டக்காரர்கள் தூணையே கயிறு கட்டிச் சாய்த்தார்கள். தூணைச் சாய்த்ததைவிட, ஒரு சொல் மட்டும் இல்லாமல் நின்ற அந்தக் கல்லே எனக்குப் பெரிய பாடமாகத் தெரிகிறது. என்ன எழுதியிருந்தது, யார் எழுதினார்கள், ஏன் அழித்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் அந்த வெற்றிடம் எழுப்பியது. தூண் விழுந்ததும் அந்தக் கேள்விகளும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டன. அந்தச் சொல்லின் கீழே தாத்தா பாட்டி காலம்தொட்டு நடந்துபோக வேண்டியிருந்தவர்கள் என் கருத்தை ஏற்காமல் போகலாம். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

சதுக்கத்தின் வடபுறத்தில் ஆளுநர் மாளிகை இன்றும் நிற்கிறது. அதன் தாழ்வாரத்தில் பழங்குடிக் கைவினைஞர்கள் தரையில் துணி விரித்து, தாங்கள் செய்த வெள்ளி நகைகளையும் மண்பாண்டங்களையும் விற்கிறார்கள். 1680-இல் அந்த மாளிகையைக் கைப்பற்றியவர்களின் வழிவந்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். விலை கேட்கும் பயணிகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?