தேடிக்கொண்ட வருத்தம்தானே?

வாவிக்கரைக் கிராமங்கள்ல வளர்ந்த எங்களுக்கு இந்தச் செத்தவீட்டுக் கதை நல்லாப் பழக்கம். பந்தலுக்குக் கீழ கதிரையில இருக்கிற ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "என்ன வருத்தம்?" "மஞ்சள் காமாலையாம்." "ஓ, குடிதானே... தேடிக்கொண்டது." அதோட பேச்சு முடிஞ்சிரும். புற்றுநோயில போனவருக்கு ஒரு கிழமை கவலைப்படுற ஊர், ஈரல் போய்ச் செத்தவருக்கு அஞ்சு நிமிஷம்கூட ஒதுக்கிறதில்ல.

எங்கள்ல ஒருத்தருடைய மாமா வாவியில வலை வீசுறவர். கோயில் திருவிழாவுக்காகப் பத்து நாள் குடியை விட்டார். அதுக்குள்ள கண் மஞ்சளாயிட்டு. "குடியைத் திடீரெண்டு விட்டதாலதான் வந்தது" எண்டு வீட்டில முடிவெடுத்தாங்க. மூண்டு கிழமை கீழ்காய்நெல்லி அரைச்சுக் குடுத்தாங்க. "ஆஸ்பத்திரிக்குப் போனா எவ்வளவு குடிச்சாய் எண்டுதான் முதல்ல கேட்பாங்க, எனக்கு வெக்கம்" எண்டு அவரும் மறுத்திட்டார். வயிறு வீங்கின பிறகுதான் கூட்டிப் போனது.

குடியை விட்டதால வரல்ல. பல மாதங்கள், வருஷங்களாக அளவுக்கு மீறிக் குடிக்கும்போது குடலின் சுவர் பலவீனமாகி, அங்குள்ள பக்டீரியாக்களின் நச்சு இரத்தத்தோடு நேராக ஈரலுக்குப் போகிறது. உடம்பின் பாதுகாப்புப் படை அதை எதிர்க்கப் போய் ஈரலையே எரிக்கத் தொடங்குகிறது. அந்த எரிவு, கடைசிக் கிளாஸைக் கீழே வைத்த உடனே அணைவதில்லை. கடைசியாகக் குடித்து இரண்டு மாதத்துக்குள் மஞ்சள் வந்தாலும் மருத்துவர்கள் இந்த நோயைச் சந்தேகிப்பார்கள். கீழ்காய்நெல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை: 1988இல் சென்னையில் நடந்த ஆய்வொன்று அதை உலகப் பிரபலமாக்கியது. ஆனா அது வைரசால வாற ஹெப்படைட்டிஸ் பி பற்றினது. பிறகு வேறு நாடுகளில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் உறுதியாகவில்லை. மாமாவுக்கு வந்ததோ வேற நோய்.

சரி, நேரத்துக்குப் போயிருந்தா மருந்து இருக்கா? நேர்மையாச் சொன்னா, பெரிசா இல்ல. பல பத்தாண்டுகளாகக் குடுத்துவருவது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட். பிரித்தானியாவின் 65 ஆஸ்பத்திரிகளில் 1,103 நோயாளிகளோடு நடந்த ஸ்டோப்பா என்ற ஆய்வு 2015இல் வெளிவந்தது. முதல் மாதத்தில் அந்த மருந்தால் சின்ன நன்மை இருக்கலாம் போலத் தெரிந்தது. மூன்று மாதம், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் எந்த வித்தியாசமும் இல்லை. ஒரு வருஷத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள், அல்லது ஈரல் மாற்றப்பட்டிருந்தார்கள்.

எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு ஆய்வு. ஈரல் மாற்ற வேண்டுமென்றால் ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும் என்று உலகின் பல இடங்களில் ஒரு விதி இருந்தது. கடும் ஈரல் அழற்சி வந்து மருந்துக்கும் மசியாதவர்களில் பெரும்பாலானோர் அந்த ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள். அப்ப அந்த விதிக்கு என்ன அர்த்தம்? பந்தலுக்குக் கீழ சொன்ன அதே வசனம்தான், கொஞ்சம் படிச்ச பாஷையில. பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவர்கள் 26 பேரைக் கவனமாகத் தெரிவுசெய்து, காத்திருக்காமல் ஈரல் மாற்றிப் பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது: ஆறு மாதம் கழித்து 77 வீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். மாற்றாத அதே நிலையிலிருந்தவர்களில் 23 வீதம். திரும்பக் குடிக்கத் தொடங்கியது மூன்று பேர் மட்டும்.

எங்கட பகுதியில ஈரல் மாற்றுறது தூரத்துக் கனவு எண்டு தெரியும். அதுக்காக இதை எழுதல்ல. நோயாளி நீண்டகாலம் உயிரோடு இருப்பதை முடிவுசெய்வது, அவர் குடியை விட்டே இருக்கிறாரா என்பதுதான். அதற்கும் வைத்தியம் இருக்கிறது. தசைப்பிடிப்புக்குக் குடுக்கிற பக்லோபென் என்ற மாத்திரையை, ஈரல் சுருங்கிப்போன 84 குடிநோயாளிகளிடம் இத்தாலியில் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 71 வீதத்தினர் குடிக்காமல் இருந்தார்கள், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 29 வீதம். மனவுறுதி இல்லாதவன் எண்டு நாங்க ஏசுற ஆளுக்கு மாத்திரையும் ஆலோசனையும் உதவுமெண்டா, இது குணக்கேடு மட்டும் எப்படி?

"அப்ப குடிக்கலாம் எண்டு சொல்றீங்களா?" எண்டு கேட்பீங்க. இல்ல. 2017இல் கல்குடாவில எதனோல் தொழிற்சாலைக்கு எதிராக சனம் நிண்டது சரிதான். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்கக்கூடாது. எங்கட பட்ச் பாட்டிகளில அந்தச் சட்டத்துக்கு என்ன நடக்குதெண்டு எங்களுக்குத் தெரியும், அந்த வெக்கமும் எங்களுக்கு இருக்கு. ஆனா சாராயக்கடையை மூடினாலும், ஏற்கனவே ஈரல் எரிஞ்சுகொண்டிருக்கிற மனிசன் அப்படியேதான் கிடப்பார். அவரைத் திடீரெண்டு அடைச்சு வைச்சு விடப்பண்ணுறதும் ஆபத்து. வலிப்பு வரலாம், சன்னி காணலாம், அதனால் மருத்துவர் பார்வையில்தான் விட வேண்டும். குடும்பங்கள் களவாகச் சோத்தில கலந்து குடுக்கிற டைசல்பிராம் மாத்திரை, அபூர்வமாக எண்டாலும், ஈரலையே தாக்கக்கூடியது.

நாங்க கேட்பது சின்ன விஷயம். ஈரல் நோயாளி வந்து போற கிளினிக்கிலேயே குடியை விட உதவுற ஒருவரும் இருக்கவேணும், அதே நாள், அதே வரிசையில. கிராமத்தில சுகாதார உத்தியோகத்தர் சீனி, பிரஷர் பற்றிக் கேட்கிற அதே குரலில இதையும் கேட்கவேணும்.

முப்பத்தொண்டாம் நாள் மாமி எங்களிட்டக் கேட்டா: "மஞ்சள் கண்ட அண்டைக்கே கூட்டிப் போயிருந்தா தப்பியிருப்பாரா, மனே?" கட்டாயம் எண்டு சொல்ல எங்களால முடியல்ல. சில பேர் தப்பியிருக்காங்க மாமி எண்டு சொன்னோம். அவ கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, "அவருக்கு ஆஸ்பத்திரிக்குப் பயமில்ல, சனத்துக்குத்தான் பயம்" எண்டா.