மந்தை மேய்வது யாருடைய புல்லை?



2016-ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவிலிருந்து இஸ்ரயேல் நாட்டிற்கு 119 ஆடுகள் விமானத்தில் வந்து இறங்கின. கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டான உடல். சிலவற்றிற்கு நான்கு கொம்புகள். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்டு, 'யாக்கோபின் ஆடுகள்' என்று பெயர் பெற்ற இனம் அது. லாபானிடம் வேலை செய்த யாக்கோபு, புள்ளியும் கலப்பு நிறமும் உள்ள ஆடுகளைத் தம் கூலியாகப் பெற்றதைத் தொடக்க நூல் 30-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த மந்தையே தன் தாயகம் திரும்புகிறது என்று, ஆடுகளைக் கொண்டு வந்த யூதத் தம்பதியர் நம்பினார்கள்.

அந்த ஆடுகள் உண்மையிலேயே யாக்கோபின் மந்தை வழி வந்தவைதாம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் அந்தப் பயணத்திற்குப் பின்னால் இருந்த ஏக்கம் உண்மையானது. அதை நாம் ஏளனம் செய்ய முடியாது. ஏனெனில் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் இடையர்கள். எரியும் புதரில் இறைவனைக் கண்டபோது மோசே தம் மாமனாரின் மந்தையை மேய்த்துக் கொண்டிருந்தார். தாவீதை ஆண்டவர் ஆட்டுக் கிடையிலிருந்துதான் அழைத்தார். இறைவாக்கினர் ஆமோஸ் தெக்கோவா ஊரின் இடையர். அவர்கள் யூத மக்களின் மூதாதையர். நம்பிக்கையால் நமக்கும் மூதாதையர்.

மேய்ச்சலும் மன்றாட்டும்

நாடிழந்து சிதறிய யூத மக்களுக்கு ஐரோப்பாவின் பல கிறிஸ்தவ நாடுகளில் நிலம் வைத்துக்கொள்ளும் உரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டது. இடையர்களின் வழிவந்த மக்கள் சந்தைகளிலும் நெருக்கமான தெருக்களிலும் வாழ வேண்டியதாயிற்று. இதில் கிறிஸ்தவர்களாகிய நம் பங்கையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். எனவேதான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யப் பேரரசிலிருந்து பாலஸ்தீனம் வந்த யூத இளைஞர்கள் சிலர், அங்கிருந்த பெதூயின் இடையர்களிடம் சென்று ஆடு மேய்க்கக் கற்றுக்கொண்டார்கள். இழந்த மண்ணோடும் மறந்துபோன மூதாதையரோடும் உறவை மீட்டெடுக்க ஆட்டு மந்தை அவர்களுக்கு ஒரு வழியாகத் தெரிந்தது.

அது இறைவேண்டலின் வழியும்கூட. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உக்ரைன் பகுதியில் வாழ்ந்த பிரேஸ்லவ் ரபி நக்மான், வயல்வெளியில் தனியே நின்று இறைவனோடு மனம்விட்டுப் பேசும்படி தம் சீடர்களுக்குக் கற்பித்தார். ஒவ்வோர் இடையனுக்கும் தனக்கென்று ஒரு பண் உண்டு என்றும், அவன் மந்தை மேயும் இடத்தின் புல்லிலிருந்தே அந்தப் பண் பிறக்கிறது என்றும் அவர் சொன்னார். எத்துணை அழகான சிந்தனை! இன்றும் மலைச்சரிவில் மந்தையோடு நடக்கும் யூத இளைஞர் பலர் இதை நெஞ்சில் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்த அழகான சிந்தனையே நம்மை ஒரு கேள்வியின் முன் நிறுத்துகிறது. பண் புல்லிலிருந்து பிறக்கிறது என்றால், அந்தப் புல் யாருடையது?

மேற்குக் கரையில் நடப்பது என்ன?

1967-ஆம் ஆண்டுப் போரில் இஸ்ரயேல் கைப்பற்றிய மேற்குக் கரைப் பகுதியில், கடந்த பத்து ஆண்டுகளுக்குள் 'மேய்ச்சல் பண்ணைகள்' பெருகியுள்ளன. இதன் செயல்முறை எளிது. வீடுகள் நிறைந்த ஒரு குடியேற்றத்தைக் கட்டப் பல குடும்பங்கள் வேண்டும். ஒரு மேய்ச்சல் பண்ணைக்கு ஒரு குடும்பம், சில இளைஞர்கள், சில நூறு ஆடுகள் போதும். மந்தை எவ்வளவு தூரம் நடக்கிறதோ அவ்வளவு தூரமும் பண்ணையின் எல்லையாகி விடுகிறது.

இஸ்ரயேலிலேயே இயங்கும் 'பீஸ் நவ்', 'கேரெம் நவோத்' என்ற இரு அமைப்புகள் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய பண்ணைகளின் பிடிக்குள் வந்துள்ள நிலம் 7,86,000 துனாம், அதாவது ஏறத்தாழ 1,94,000 ஏக்கர். இது மேற்குக் கரையின் மொத்தப் பரப்பில் 14 விழுக்காடு. இப்பண்ணைகளில் பல, இஸ்ரயேல் நாட்டுச் சட்டத்தின்படியே முறையான அனுமதி இல்லாமல் தொடங்கப்பட்டவை. ஆயினும் மேய்ச்சல் ஒப்பந்தங்களும் அரசு நிதியும் அவற்றுக்குக் கிடைத்துள்ளன.

அந்த மலைச்சரிவுகள் ஆளில்லாத வெளிகள் அல்ல. பாலஸ்தீன உழவர்களும் பெதூயின் இடையர்களும் தலைமுறைகளாக மந்தை மேய்த்த இடங்கள். மேய்ச்சல் நிலமும் நீரூற்றும் கைவிட்டுப் போனால் இடையன் என்ன செய்வான்? தீவனத்தை விலைக்கு வாங்குவான். கட்டுப்படியாகாதபோது ஆடுகளை ஒவ்வொன்றாக விற்பான். இரவில் மிரட்டலும் தாக்குதலும் தொடரும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊரை விட்டே போவான். ரமல்லா நகருக்குக் கிழக்கே அயின் சாமியா மக்கள் 2023 மே மாதத்திலும், வாதி அஸ்-சீக் மக்கள் 2023 அக்டோபரிலும், முகாய்யிர் அத்-தெய்ர் மக்கள் 2025 மே மாதத்திலும் இவ்வாறு வெளியேறினார்கள்.

மறுபக்கத்துக் கண்ணீரையும் நாம் மறைக்கக் கூடாது. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். 2024 ஏப்ரலில், ஒரு மேய்ச்சல் பண்ணையிலிருந்து ஆடுகளை ஓட்டிச் சென்ற 14 வயது யூதச் சிறுவன் ஒருவன் கொல்லப்பட்டான். மந்தை மட்டும் திரும்பி வந்தது. அதைத் தொடர்ந்து குடியேற்றக்காரர்கள் சுற்றியிருந்த பாலஸ்தீன ஊர்களைத் தாக்கினார்கள்; அங்கும் உயிர்கள் பறிபோயின. ஆபேலின் இரத்தம் இரு பக்கமும் மண்ணிலிருந்து கதறுகிறது.

தாய்பே ஊரின் குரல்

மக்கள் அனைவரும் கிறிஸ்தவர்களாகவே வாழும் ஊர் என்று மேற்குக் கரையில் இன்று எஞ்சியிருப்பது தாய்பே ஒன்றுதான். இலாசரை உயிர்ப்பித்த பின் இயேசு தம் சீடர்களோடு சென்று தங்கியதாக யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரம் கூறும் எப்ராயிம் ஊர் இதுவே என்பது மரபு. அங்கு இலத்தீன், கிரேக்க ஆர்த்தடாக்ஸ், மெல்கைட் என மூன்று பங்குகள் உள்ளன.

2025 ஜூலை 7 அன்று அவ்வூரின் கல்லறைத் தோட்டத்தையும், 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித ஜார்ஜ் ஆலயத்தின் இடிபாடுகளையும் ஒட்டித் தீ எரிந்தது. குடியேற்றக்காரர்களே தீ வைத்தார்கள் என்று மூன்று பங்குகளின் குருக்களும் இணைந்து அறிக்கை விட்டார்கள். ஊரின் கிழக்கே உள்ள ஒலிவத் தோப்புகளிலும் வயல்களிலும் குடியேற்றக்காரர்களின் மாடுகள் மேய விடப்படுவதையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஜூலை 14 அன்று எருசலேமின் இலத்தீன் மறைமுதுவர் கர்தினால் பித்சபாலாவும், கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மறைமுதுவர் மூன்றாம் தியோபிலோசும், மற்றத் திருஅவைத் தலைவர்களும் அந்த ஊருக்கே சென்று மக்களோடு நின்றார்கள். மந்தையின் பக்கம் நின்ற ஆயர்கள்!

யூத மரபு கூறும் பதில்

இந்நிலையில் நமக்குள் ஒரு சோதனை எழலாம். "யூதர்களே இப்படித்தான்" என்று சொல்லிவிடும் சோதனை அது. அது பொய், பாவமும்கூட. ஏனெனில் இந்த அநீதிக்கு எதிரான மிகக் கூர்மையான சொற்கள் யூத மரபுக்குள்ளேயே இருக்கின்றன.

தொடக்க நூல் 13-ஆம் அதிகாரத்தில் ஆபிராமின் இடையர்களுக்கும் லோத்தின் இடையர்களுக்கும் சண்டை வருகிறது. ஏன் வந்தது? 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த ரபி ராஷி, பழைய மரபைப் பின்பற்றி இவ்வாறு விளக்குகிறார்: லோத்தின் இடையர்கள் பிறர் வயல்களில் மந்தையை மேயவிட்டார்கள். ஆபிராமின் இடையர்கள் கண்டித்தபோது, இந்த நாடு ஆபிராமுக்கு வாக்களிக்கப்பட்டது, அவருக்குப் பிள்ளை இல்லை, லோத்துதான் வாரிசு, எனவே இது திருட்டாகாது என்று வாதிட்டார்கள். அப்போது கானானியர் அந்நாட்டில் வாழ்ந்து கொண்டிருந்தனர் என்று மறைநூல் அந்த இடத்தில் சொல்வது இந்த வாதத்தை மறுப்பதற்காகவே என்கிறார் ராஷி. வாக்குறுதி இருக்கிறது என்பதற்காக அடுத்தவர் பயிரை மேயவிடலாம் என்று ஆகாது.

மோசேயைப் பற்றியும் இதே மரபு பேசுகிறது. அவர் மந்தையைப் பாலைநிலத்தின் மறுகோடிவரை ஏன் ஓட்டிச் சென்றார்? பிறர் வயலில் அது வாய் வைத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த மறுகோடியில்தான் அவர் எரியும் புதரைக் கண்டார். அடுத்தவர் நிலத்தை விட்டு விலகி நடந்த கால்களுக்கே, 'மிதியடியைக் கழற்று, இது புனித நிலம்' என்ற அழைப்பு வந்தது என்று நாம் இதைப் புரிந்துகொள்ளலாம்.

இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூல், இஸ்ரயேல் நாட்டில் மக்கள் வாழும் இடங்களில் ஆடு வளர்க்கக் கூடாது என்றும், பாலைநிலத்தில் வளர்க்கலாம் என்றும் விதித்தது. அயலார் பயிர் அழியும் என்பதே காரணம். மூதாதையரின் தொழிலையும் அயலாருக்காகக் கட்டுப்படுத்திய மரபு அது!

அந்த மரபை இன்றும் வாழ்வாக்கும் யூதர்கள் உண்டு. ரபி ஆரிக் ஆஷர்மன் போன்றோரும் இஸ்ரயேல் தன்னார்வலர்களும் பாலஸ்தீன இடையர்களோடு சேர்ந்து மேய்ச்சல் நிலங்களுக்கு நடக்கிறார்கள். இரவில் அவர்களுடைய குடில்களில் காவலுக்குத் தங்குகிறார்கள். அதற்காக அடியும் வாங்குகிறார்கள். இதுவும் மேய்ப்புப் பணியே. இதுவும் மூதாதையரின் மண்ணோடு கொண்ட உறவே.

நாம் செய்ய வேண்டியது

நம் ஆண்டவர் தம்மை நல்ல ஆயன் என்றார். வாயில் வழியாக வருபவரே ஆயர், வேறு வழியாக ஏறிக் குதிப்பவர் திருடர் என்றும் அவர் பிரித்துக் காட்டினார் (யோவா 10:1-2). எசேக்கியேல் 34-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஆயர்களை மட்டும் கண்டிக்கவில்லை. நல்ல புல்லை மேய்ந்துவிட்டு மிச்சத்தை மிதித்துப் பாழாக்கும் கொழுத்த ஆடுகளுக்கும் தீர்ப்பிடுகிறார். நிலம் எனக்கே உரியது, நீங்கள் என்னிடம் தங்கியிருக்கும் அன்னியர் என்று அவர் இஸ்ரயேலுக்குச் சொன்னது (லேவி 25:23) நமக்கும் பொருந்தும்.

எனவே முதலாவது, யூத மக்கள் மீதான வெறுப்பு நம் நாவில் வரவே கூடாது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த 'நோஸ்த்ரா எத்தாத்தே' ஏடு அதைத் தெளிவாகக் கண்டித்துள்ளது. இரண்டாவது, விவிலியத்தின் இஸ்ரயேலும் இன்றைய அரசின் ஒவ்வொரு செயலும் ஒன்றே என்று எண்ணி, அநீதியின் முன் வாய்மூடி இருக்கவும் கூடாது. மூன்றாவது, நம் பங்குகளிலிருந்து புனித நாட்டிற்குத் திருப்பயணம் செல்வோர் பழைய கற்களை மட்டும் தொட்டு வணங்கித் திரும்பாமல், அங்கு வாழும் கிறிஸ்தவர்களோடு ஒரு திருப்பலியிலாவது பங்கெடுக்கட்டும். புனித வெள்ளியன்று புனித நாட்டிற்காகக் காணிக்கை எடுக்கப்படும்போது தாய்பே போன்ற ஊர்களை நினைத்துக் கொடுப்போம்.

இறுதியாக, நம்மையே கேட்டுப் பார்ப்போம். உடன்பிறந்தவரின் பங்கை, அடுத்த வீட்டு வரப்பை, ஏழையின் வழித்தடத்தை, "எங்கள் முன்னோருடையது" என்று சொல்லி நாம் மேய்ந்ததில்லையா? செபமாலை கையில் இருக்க, நம் மந்தை யாருடைய புல்லை மேய்கிறது?

நல்ல ஆயனாகிய இயேசு, தாம் நடந்த மண்ணில் எல்லா இடையரும் அச்சமின்றி மந்தையோடு மாலையில் வீடு திரும்பும் நாளைத் தருவாராக!