போட்டோவுல மூணாவது ஆள்!

ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு எந்த எஞ்சினீயரிங் ஸ்டூடண்டாவது எழுந்து பார்த்திருக்கீங்களா? நான் எழுந்தேன் மக்களே! காரணம், நம்ம எடிட்டர் சார். 'தம்பி, உங்க ஊர் காலேஜ்ல பழைய மாணவர்கள் சந்திப்பாம். 1990-ல படிப்பை முடிச்ச செட். அங்கிள்கள் மலரும் நினைவுகளை அள்ளி விடுவாங்க. போய்க் கேட்டு எழுது'ன்னு உத்தரவு.

அப்பாதான் டி.வி.எஸ். 50-ல கொண்டுவந்து விட்டார். கேட் வரைக்கும்தான். "உள்ள வாங்கப்பா, பிரியாணி போடுவாங்க"ன்னு கூப்பிட்டேன். "நமக்கு அங்க என்னா வேலை? முடிஞ்சதும் போன் பண்ணு"ன்னு வண்டியைத் திருப்பிட்டார். அப்ப எனக்கு ஒண்ணும் உறைக்கலை. (உறைக்கிற இடம் பின்னாடி வருது, வெயிட்டீஸ்!)

உள்ளே போனா... தொப்பை, வழுக்கை, டை அடிச்ச மீசைன்னு ஒரு நூறு அங்கிள்கள். துபாய்ல இருந்து ஒருத்தர், பெங்களூர்ல இருந்து நாலு பேர், பக்கத்துத் தெருவுல இருந்து மீதிப் பேர். ஆனா வாயைத் திறந்தா எல்லாருக்கும் வயசு பத்தொன்பதுதான். "டேய் மூக்கா!", "வாடா கட் அண்டு ரைட்டு!"ன்னு பட்டப்பேர்கள் பறக்குது. பேரப்பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கிற ஒருத்தரை 'மைனர்'னு கூப்பிடுறாங்க. அவரும் வெக்கமே இல்லாம திரும்பிப் பார்க்கிறார்!

தோல் காசு... கல்லூரிக் காசு!

எங்க பெல்ட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். ஆம்பூர்னா பிரியாணி, வேலூர்னா ஜெயில்னு மட்டும் நினைக்கிறவங்க கவனிக்க... வேலூர்ல இருந்து ஜோலார்பேட்டைக்கு ட்ரெயின் ஏறினா, வழி நெடுகக் கல்லூரிகள்தான். ஊரீசு கல்லூரி 1898-ல ஆரம்பிச்சது. நம்ம டாக்டர் ராதாகிருஷ்ணன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போறதுக்கு முன்னாடி இங்கதான் படிச்சார். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951. வேலூர்ல பெண்களுக்கான ஆக்ஸிலியம் 1954. மேல்விஷாரத்துல 1965-ல வந்த கல்லூரி, தோல் வியாபாரத்துல சம்பாதிச்சு வாரிக் கொடுத்த நவாப் சி.அப்துல் ஹக்கீம் பேரைத் தாங்கி நிக்குது. மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் வித்த காசு, இந்தப் பக்கம் எத்தனையோ வகுப்பறைகளுக்குச் செங்கல்லா மாறியிருக்கு.

அன்னிக்கு இந்தக் கலைக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தோட இணைப்பு. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-லதான் வந்தது. அதனால ஜோன் மேட்ச்ல ஜெயிச்சா, அடுத்த மேட்ச் மெட்ராஸ்ல! "மேட்ச் ஜெயிக்கிறது ரெண்டாம்பட்சம் தம்பி. மெரினாவைப் பார்க்கணும்னே உயிரைக் கொடுத்து ஆடுவோம்"னு கண்ணடிச்சார் ஒரு அங்கிள்.

இலக்கியப் பார்ட்டி ஒண்ணும் இருந்தது. கவிக்கோ அப்துல் ரகுமான் இஸ்லாமியா கல்லூரியில முப்பது வருஷம் போலத் தமிழ்ப் பேராசிரியரா இருந்தவர். 'ஆலாபனை'க்காக 1999-ல சாகித்ய அகாடமி விருது வாங்கினவர். "வாணியம்பாடியில கவியரங்கம்னா நாங்க சைக்கிள் மிதிச்சே போயிடுவோம். பாதி புரியாது, ஆனா கை தட்டுவோம். வீட்டுக்கு வந்து படுத்தா, நடுராத்திரி மீதி புரியும்"னார் ஒருத்தர். 2017-ல கவிக்கோ மறைஞ்ச அன்னிக்கு பேங்க்குல லீவு போட்டாராம் அந்த மனுஷன்.

மஞ்சப் பந்தும் மேல்காத்தும்

ஆனா மொத்தக் கூட்டமும் ஒரே டாபிக்ல உட்கார்ந்தது எப்போ தெரியுமா? 'பூப்பந்து'ன்னு யாரோ ஆரம்பிச்சப்ப!

இன்டோர் ஷட்டில் இல்லைங்க. இது நம்ம மண்ணோட பால் பேட்மின்டன். தஞ்சாவூர்ல பிறந்த ஆட்டம்னு சொல்வாங்க. மஞ்சள் கம்பளி நூல்ல சுத்தின பந்து. எடை முப்பது கிராமுக்குள்ளதான். சைடுக்கு அஞ்சு பேர்: முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, நடுவுல ஒரு சென்டர். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், ஆளை விட உயரமா ஒரு நெட். பந்து தரையில படக் கூடாது, ஒரே அடியில எதிர்ப்பக்கம் போயிடணும். அப்பல்லாம் 29 பாயின்ட்டுக்கு ஒரு கேம். செலவு? நாலு பேட்டு, ஒரு கிழிஞ்ச நெட்டு, கொஞ்சம் சுண்ணாம்பு. அவ்வளவுதான்.

"நாலு பேட்டா? டீமுக்கு அஞ்சு பேராச்சே அங்கிள்?"

"அஞ்சாவது பேட்டை எதிர் டீம்கிட்ட கடன் வாங்குவோம் தம்பி!"

திறந்த வெளியில ஆடுறதால, ஆறாவது ஆட்டக்காரர் ஒருத்தர் உண்டு. பேரு காத்து! சாயந்தரம் பாலாத்துப் பக்கமிருந்து காத்து அடிச்சா, பந்து போற திசையே மாறிடுமாம். வெளியூர் டீம் முழிக்கும். உள்ளூர்ப் பசங்க காத்தையும் கணக்குல சேர்த்து அடிப்பாங்க. பிராக்டீஸ் பண்ணதே ஆத்து மணல்லதான். மணல்ல ஓடிப் பழகினவன் கெட்டித் தரையில பறப்பானாம்.

"ஷூ போட்டா ஆடுவீங்க?"ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க.

அதுதான் பாஸ் எங்க ஊரு! 1970-கள்ல பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு அரசாங்கம் கடிவாளம் போட்ட பிறகு, இந்தப் பக்கம் முழுத் தோலும் ஷூவுமா செஞ்சு அனுப்ப ஆரம்பிச்சாங்க. ஐரோப்பாக்காரன் காலுக்கு ஆம்பூர் ஷூ போகுது. அதைத் தைக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள். எங்க அம்மாவும் ஷூ கம்பெனி பஸ்ல தினம் போய் அப்பர் தைக்கிறவங்கதான். ஆனா அந்த ஊர்க் காலேஜ் டீம் வெறுங்கால்ல ஆடியிருக்கு!

இதுல ஒரு சின்ன ஹிஸ்டரி. 1948 லண்டன் ஒலிம்பிக்ல இந்திய ஃபுட்பால் டீம்ல முக்கால்வாசிப் பேர் வெறுங்காலோடதான் இறங்கினாங்க. பிரான்ஸ்கிட்ட 2-1னு தோத்தாங்க, அதுவும் ரெண்டு பெனால்ட்டியைக் கோட்டை விட்டு! 1952 ஹெல்சிங்கியில யூகோஸ்லாவியாகிட்ட 10-1. அப்புறம்தான் பூட்ஸ் கட்டாயம்னாங்க. "அந்த ரூல் ஆம்பூருக்கு வந்து சேர முப்பது வருஷம் லேட்"னு ஒருத்தர் சொல்ல, கூட்டத்துல செம சிரிப்பு.

அந்த போட்டோ

சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பாய் பையில இருந்து பத்திரமா ஒரு போட்டோவை எடுத்தார். கறுப்பு வெள்ளை. ஓரம் கரையான் அரிச்சது. அவர்தான் அன்னிக்கு டீம் கேப்டன். அஞ்சு பேர் நிக்கிறாங்க, ரெண்டு சப்ஸ்டிட்யூட் உட்கார்ந்திருக்காங்க. பாய் விரல் வெச்சு ஒவ்வொருத்தரா சொல்லிட்டே வந்தார். "இது நான். இது துபாய்க்காரன். இது..."

மூணாவது ஆள். ஒல்லி. காது ரெண்டும் வெளியில நீட்டிக்கிட்டு. கையில பேட்டைத் துப்பாக்கி மாதிரி பிடிச்சுக்கிட்டு.

அந்தக் காதை நான் தினம் கண்ணாடியில பார்க்கிறேங்க!

"இது... எங்கப்பா!"

பாய் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "அட... நீ அவன் பிள்ளையா? அதான் பார்த்தேன், மூஞ்சி எங்கயோ இடிக்குதேன்னு. எங்க சென்டர்டா உங்கப்பன்! அவன் நடுவுல நின்னா முன்னாடி நிக்கிறவனும் பின்னாடி நிக்கிறவனும் நிம்மதியா இருப்பான். எங்க அவன்?"

கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டார்னு சொன்னேன். பாய் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்.

மூணாவது வருஷம் பாதியில எங்க தாத்தா படுத்த படுக்கை. தாத்தா டேனரியில வேலை பார்த்தவர். வீட்டுல அடுத்த ஆம்பளை அப்பாதான். தாத்தா இடத்துல அப்பா போய் நின்னார். குரோம் டிரம்மைச் சுத்தவிட்டு, உள்ளேயிருந்து நீலமா வர்ற தோலை ஈரத்தோட தூக்கி அடுக்குற வேலை. மெட்ராஸ்ல மேட்ச் நடந்த அன்னிக்கு அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். டீம் சென்டர் இல்லாம போச்சு. தோத்துட்டு வந்தது.

"திரும்பி வந்து ஸ்டேஷன்ல இறங்கினா, இவன் ஷிப்ட் முடிச்சு பிளாட்பாரத்துல நிக்கிறான். கையெல்லாம் நீலம். 'எவ்வளவுடா?'ன்னு கேட்டான். ஸ்கோரைச் சொன்னோம். 'அந்தக் காத்துக்கு இறக்கி அடிச்சிருக்கணும்டா'ன்னான். அவ்வளவுதான். அப்புறம் கிரவுண்டு பக்கமே வரலை."

படிப்பை முடிக்காததால பழைய மாணவர் லிஸ்ட்ல அப்பா பேர் கிடையாது. வாட்ஸ்அப் குரூப்லயும் கிடையாது. போட்டோவுல மட்டும் இருக்கார்.

எங்கப்பா பேட் பிடிச்சு நான் பார்த்ததே இல்லைங்க. டி.வி.யில எந்த மேட்ச் ஓடினாலும் சேனலை மாத்திடுவார். அவருக்கு ஸ்போர்ட்ஸ்னா ஆகாதுன்னு இருபது வருஷமா நினைச்சுட்டு இருந்தேன்.

ஆத்தைக் காணோம்!

அவங்க பிராக்டீஸ் பண்ண மணலைப் பார்க்கலாம்னு பாய் கூட்டிட்டுப் போனார். மணல் இருந்தாத்தானே! லாரி லாரியா அள்ளிட்டாங்க. மீதி இடத்துல கருவேல முள். டேனரிக் கழிவு பாலாத்தை என்ன பாடு படுத்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட கேஸ்ல, 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட் 'மாசு பண்ணவன்தான் அதுக்கான காசையும் கட்டணும்'னு தீர்ப்பு சொன்னது. நாடு முழுக்க இன்னிக்கும் சட்டம் படிக்கிற பசங்க முதல்ல புரட்டுற கேஸ்ல இதுவும் ஒண்ணு. தோல்தான் எங்களுக்குச் சோறு போட்டது, காலேஜ் கட்டியது. அதே தோல்தான் ஆத்தையும் குடிச்சது. ரெண்டுமே எங்க வீட்டுக் கதைதான். ஒண்ணை மட்டும் சொல்லிட்டு ஒண்ணை மறைக்க முடியலை.

இத்தனைக்கும் நடுவுல இந்த மண்ணு ஆளுங்களை உருவாக்காம இல்லை. வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில 77 கிலோ பிரிவுல மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் அடிச்சார். 2018 கோல்டு கோஸ்ட்ல மறுபடியும் தங்கம். ஒருத்தர் மேடை ஏறுறதுக்கு முன்னாடி, எத்தனை பேர் ஷிப்டுக்குப் போயிருப்பாங்கன்னு அன்னிக்குத்தான் யோசிச்சேன்.

பாயே போன் போட்டார். "டேய், உன் பிள்ளையைப் பிடிச்சு வெச்சிருக்கேன். நீ வந்தாத்தான் விடுவேன்!"

கால் மணி நேரத்துல டி.வி.எஸ். 50 சத்தம். இந்த முறை வண்டி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. கட்டிப் பிடிச்சு அழுதாங்கன்னு எழுதினா நல்லாத்தான் இருக்கும். அப்படியெல்லாம் எதுவும் நடக்கலை. "இன்னாடா இவ்ளோ வெயிட்டு போட்டுட்டே"ன்னார் அப்பா. "உன் காது மட்டும் அப்படியே இருக்குடா"ன்னார் பாய். அப்புறம் பிரியாணி, எண்ணெய்க் கத்திரிக்காய். அப்பா போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "அன்னிக்கு இந்த நெட்டு ஒரு பக்கம் தொங்குது பாரு. கட்டினவன் நீதானே?"ன்னார். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, மனுஷன் இன்னும் நெட்டைப் பத்திப் பேசுறார்!

பாய் அப்பா நம்பரை குரூப்ல சேர்த்தார். படிப்பு முடிச்சவனா, முடிக்காதவனான்னு யாரும் கேட்கலை.

இப்ப என் கதைக்கு வர்றேன். நானும் எங்க எஞ்சினீயரிங் காலேஜ் பால் பேட்மின்டன் டீம்தான். திருத்தம்... இருந்தேன். போன மாசம்தான் விலகினேன். பிளேஸ்மென்ட் ட்ரெயினிங், ஆப்டிட்யூட் கிளாஸ், அரியர் ஒண்ணு. 'மேட்ச்சுக்கு ஓ.டி. வாங்கிட்டுப் போனா கம்பெனி வேலையா கொடுக்கும்?'னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். வீட்டுல டீம்ல இருந்ததையும் சொல்லலை, விலகினதையும் சொல்லலை. அப்பாவுக்குத்தான் ஸ்போர்ட்ஸே ஆகாதே!

திரும்பி வர்றப்ப, வண்டியில பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். அப்பா எதுவும் சொல்லலை. ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டியை ஆஃப் பண்ணிட்டு, திரும்பாமலே கேட்டார்.

"உங்க டீம்ல சென்டர் யாரு?"

"நான்தான்பா... இருந்தேன்."

"இப்ப?"

ட்ரெயின் வந்தது. நல்லவேளை, பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு விட்டுட்டு வர ஒரு காரணம் இருந்தது, படுக்கையில கிடந்த தாத்தா. எனக்கு? அரியர் பேப்பர் சாயந்தரமும் படிக்கலாம். யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன், சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் சிக்கலை மக்களே.

நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு கிரவுண்டுக்குப் போறேன். பி.டி. சார் சேர்த்துக்குவாரா, இல்ல பத்து ரவுண்டு ஓடவிட்டுத் திருப்பி அனுப்புவாரான்னு அடுத்த வாரம் சொல்றேன். அலாரம் வெச்சாச்சு. அதுக்குத் தேவையே இல்லை போல... 'அஞ்சரைக்கு எழுப்பிடறேன்'னு அப்பா இப்பதான் சொல்லிட்டுப் போனார்!