விருந்தோம்பலும் வீட்டொழுங்கும்

விருந்தோம்பல் தமிழரின் தனிப்பெரும் பண்பென மேடைதோறும் கூறி மகிழ்கின்றோம். இல்லறவியலிலே அன்புடைமைக்கும் இனியவை கூறலுக்கும் இடையே விருந்தோம்பலைத் திருவள்ளுவர் வைத்த முறையையும் வியந்து பேசுகின்றோம். ஆயின், முன்னறிவித்தலின்றி ஒருவர் நம் படலையைத் திறப்பாராயின் நிகழ்வது யாது? கதிரைகளிற் கிடக்கும் துணிகள் அவசரமாக அறைக்குள் வாரிச் செல்லப்படுகின்றன, பிள்ளைகள் அதட்டப்படுகின்றனர், இல்லத் தலைவியின் முகத்திலே மகிழ்ச்சி தோன்றுமுன் கலக்கம் தோன்றுகின்றது. வந்தவர் அதனைக் காணாதிருப்பரோ? கண்டவர் மறுமுறை வரத் தயங்குவர். இவ்வாறே நம் வீடுகளுக்கு விருந்து வருதல் சிறிது சிறிதாக அருகி வருகின்றது.

விருந்து என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். நாட்குறித்து வருவோரினும் எதிர்பாராது வருவோரே அப்பெயர்க்குச் சிறப்பாக உரியர். எதிர்பாராது வருவோரை முகமலர்ந்து ஏற்பதற்கு, நாடோறும் ஒழுங்காயிருப்பதன்றிப் பிறிதொரு வழியில்லை. ஆகவே, வீட்டொழுங்கே விருந்தோம்பலின் முதற்படி. அவ்வொழுங்கு ஒருத்தியின் சுமையாயிராது வீட்டார் அனைவரின் கடமையாதல் வேண்டும் என்பதே ஈண்டு யான் வற்புறுத்த விழைவது.

நம் முன்னோர் வீடமைத்த முறையிலேயே வருவார்க்கு இடம் வைத்தனர். சங்கடப்படலையின் கூரைநிழலிலே வழிப்போக்கர் இளைப்பாறினர். தலைவாசலிலே திண்ணை இருந்தது. முற்றம் விடியுமுன் கூட்டப்பட்டது. நிலம் சாணத்தால் மெழுகப்பட்டது. காலலம்பச் செம்பில் நீர், இருக்கப் பனையோலைப் பாய், பருக மூக்குப்பேணி, வாய்க்கு வெற்றிலைத் தட்டம் என வேண்டிய பொருள்கள் சிலவே. அவை ஒவ்வொன்றிற்கும் ஓரிடம் இருந்தது. புழுக்கொடியலும் பனாட்டும் சேமித்து வைக்கப்பட்டமையால் வந்தவரை வெறும்வாயோடு அனுப்பும் நிலையும் ஏற்படவில்லை.

எனினும், அக்காலத்தை அளவின்றிப் புகழ்தல் நேர்மையாகாது. அத்திண்ணை எல்லார்க்கும் உரியதாயிருக்கவில்லை. சாதியின் பெயரால் முற்றத்திலேயே நிறுத்தப்பட்டோர் பலர். அவர்களுக்குச் சிரட்டையிலே நீர் வார்த்த வீடுகளும் பல. அயலவன் ஒருவனை இருக்கவிடாத திண்ணை எத்துணை மெழுகினும் துப்புரவுடையதாகுமோ? அன்றியும், அவ்வொழுங்கு முழுவதும் பெண்களின் உழைப்பினாலேயே நடைபெற்றது. ஆடவர் திண்ணையிலிருந்து உபசாரம் பேசினர். அடுக்களையிலே புகையுண்டவர் பெண்டிர். இவ்விரு குறைகளையும் களைந்து ஏனையவற்றைப் போற்றுதலே நமக்குத் தகும்.

இன்று நம்மூர் வீடுகள் பெருத்துவிட்டன. கடல்கடந்து சென்றோரின் உழைப்பால் மாடிகள் எழுந்துள்ளன. பல வீடுகளிலே வரவேற்பறை ஒன்று பளபளக்கும் தரையோடும் கண்ணாடி அலுமாரியோடும் விளங்குகின்றது. அங்கே பிள்ளைகள் விளையாடலாகாது. பாட்டனார் சாய்ந்திருத்தலும் ஆகாது. வீட்டாரோ பின்விறாந்தையிலே மூட்டை முடிச்சுகளுக்கிடையே காலங்கழிக்கின்றனர். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களிலே வெளிநாட்டு உறவினர் வருவர் என்று வீடு முழுவதும் கழுவப்படும். அவர்கள் விமானமேறியதும் பழைய குப்பை பழைய இடத்துக்கே மீளும். இதனை விருந்துக்கு ஆயத்தம் என்பதா, கண்காட்சி என்பதா? வாழ்வோர்க்கு இதமளிக்காத வீடு வருவோர்க்கும் இதமளிக்காது.

செல்வம் இருந்தாலன்றி விருந்தோம்ப இயலாது என்பார் பெரியபுராணத்தை நினைவுகூர்க. இளையான்குடி மாறநாயனார் வறுமையுற்ற காலத்திலே, மழையிரவில் அடியாரொருவர் வந்தார். அன்று பகல் வயலில் விதைத்த நெல்லை வாரிவந்தாற் சமைக்கலாம் என்று வழிகாட்டியவர் அவர்தம் மனைவியார். இருளிலே சென்று நெல்லை வாரிவந்தவரும், விறகின்மையால் வீட்டுக் கூரையின் மரத்தை அறுத்துக் கொடுத்தவரும் நாயனார். இருவரும் ஒரு கருமத்தில் இணைந்து நின்றமையே அவ்விருந்தின் சிறப்பு.

அண்மைக்கால வரலாறும் இதனையே உணர்த்தும். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் சென்றபோது, அவர்களுக்குக் கதவு திறந்த வீடுகளுட் பல மிக எளியவை. விறாந்தையிலும் கொட்டிலிலும் பல குடும்பங்கள் தங்கின. நீரள்ளுவதற்கு ஒரு முறை, சமைப்பதற்கு ஒரு முறை, முற்றங் கூட்டுவதற்கு ஒரு முறை என வகுத்துக்கொண்ட இடங்களிலே மனக்கசப்புக் குறைந்திருந்தது என்பதை அவ்வாறு வாழ்ந்தோர் நன்கறிவர். நெருக்கடியிலே மனிதரை மனிதராக வாழவைத்தது ஒழுங்கே.

இனி, மாணவருக்கு ஒரு வார்த்தை. வகுப்பறையை முறைவைத்துக் கூட்டும் நீவிர், வீட்டிலே தும்புத்தடியைத் தொட நாணுவதேன்? விடுதிச்சாலையிலே படுக்கையைச் சுருட்டி வைத்த பழைய மாணவர், இல்லறம் புகுந்தபின் உண்ட கோப்பையையும் மேசையிலேயே விட்டெழுவதேன்? கல்லூரி புகட்டிய ஒழுக்கம் கல்லூரி வாயிலோடு நின்றுவிடுமாயின் அக்கல்வியாற் பயன் யாது?

செய்யவேண்டுவன அரியனவல்ல. விளக்கேற்றும் நேரத்துக்கு முன், வீட்டிலுள்ளோர் அனைவரும் கால்மணி நேரம் கைகொடுத்தால் அன்றைய அலங்கோலம் அன்றே தீரும். பயன்படாப் பொருளைப் பயன்படுத்துவோர்க்கு ஈதல் வேண்டும். துவைத்த படுக்கை விரிப்பு ஒன்றும், தலையணை ஒன்றும், துவாய் ஒன்றும் எக்காலமும் தனியே இருத்தல் நன்று. வரவேற்பறையிலும் முதன்மையாகக் கிணற்றடியும் மலசலகூடமும் துப்புரவாயிருத்தல் வேண்டும். விருந்தினர் வாய்விட்டுக் கேளாத தேவை அதுவே. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் சிரட்டையிலும் பழைய ரயரிலும் தேங்கும் நீரை வாரந்தோறும் கவிழ்த்தல் வேண்டும். டெங்கு நுளம்பு அங்கேதான் பெருகுகின்றது. இவற்றுள் எதுவும் பெண்ணுக்கென்றோ ஆணுக்கென்றோ பிறந்த வேலையன்று.

வருவோரும் தம் கடமையை மறத்தலாகாது. விருந்தளிப்போரின் சுவரிலே தூசி தேடும் கண்ணும், பலகாரத்தை எண்ணும் நாவும் விருந்தோம்பலைக் கொல்லும். ஒரு கோப்பைத் தேநீரை மகிழ்ந்து பருகும் விருந்தினரே அவ்வில்லத்துக்குத் துணைசெய்பவர்.

நம் ஊர்களிலே தனித்து வாழும் முதியோர் இன்று மிகப் பலர். அவர்கள் வேண்டுவது பலகாரமன்று. படலை திறக்கும் ஓசை. அவ்வோசை அவர்கள் வீட்டிலும் நம் வீட்டிலும் மீண்டும் கேட்பதாக. அதற்கு நாம் செய்யும் முதற்பணி, நம் விறாந்தையிலே ஒரு கதிரையை எந்நாளும் வெறுமையாகவும் துப்புரவாகவும் வைத்திருத்தலேயாம்.