வாலட்டில் வாடகை கட்ட முடியுமா?

“எப்படியும் அதே ஆப்பில்தானே வாங்கப்போகிறோம், ரீஃபண்ட் வாலட்டில் வந்தால் என்ன குறை?” என்கிறார் நண்பர். குறை இருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கும் ஒருவர் சேஃப்டி ஷூ வாங்குகிறார். சைஸ் சேரவில்லை, திருப்பி அனுப்புகிறார். போனது ரொக்கத்துக்குச் சமமான யூபிஐ பணம். வந்தது காலாவதி தேதி போட்ட கிரெடிட். மாதக் கடைசியில் அதை நீட்டினால் வீட்டுக்காரர் வாடகையாக வாங்கிக்கொள்வாரா?

“வாலட்டில் என்றால் சீக்கிரம் வந்துவிடுகிறதே” என்பதும் எடுபடாது. அவசரம் யாருக்கோ, அவர் கேட்டு வாங்கட்டும். 2024 அக்டோபரில் ஓலா கேப்ஸுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இட்ட உத்தரவும் இதைத்தான் சொன்னது: வங்கிக் கணக்கிலா, கூப்பனாகவா என்பதை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்க வழி செய்ய வேண்டும்.

“கம்பெனி பெங்களூரில் இருக்கிறது, நாம் என்ன செய்ய?” என்ற சலிப்பும் வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, நாம் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஓசூர்க்காரர் மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்ட வேண்டியதில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள்.

நாம் கேட்டு வாங்கினால் கிரெடிட் வசதி. கேட்காமல் தலையில் கட்டினால், நம் காசில் அவர்கள் எடுத்துக்கொள்ளும் வட்டியில்லாக் கடன்.