மாணவர்களுக்கு ஏற்றது எது?

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்க் கழகம் இடைநிலைப்பள்ளிகளுக்கு எழுத்தாளர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் பள்ளி விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: “மாணவர்களுக்கு ஏற்றதைப் பேசச் சொல்லுங்கள்.” சாவு, காதல், சண்டை வேண்டாம் என்பது அதன் பொருள். மிஞ்சுவது தன்முனைப்பு உரை. படிவம் நான்கு மாணவர்களுக்கு அது காது புளித்துப்போன சங்கதி.

சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்வோம். 1942, 1943இல் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பதின்ம வயதினரும் இருந்தனர். பலர் திரும்பவே இல்லை. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இதைப் பற்றிய நாவல்தான். பதினாறு வயதுக்கு இது கனமான பொருளா? கனம்தான். அதற்காக ஒதுக்கிவிட முடியாது; இது அவர்களுடைய குடும்பக் கதையாகவும் இருக்கலாம்.

கவனம் வேண்டியது எந்தப் பகுதியை வாசிப்பது என்பதில். நாவலில் பல பக்கங்கள் கடந்த பிறகே வாசகர் சாவுக் காட்சியை அடைகிறார். நாற்பது நிமிட உரையில் அந்த வழி கிடையாது. எடுத்த எடுப்பில் காலரா முகாமைக் காட்டினால் மாணவர்கள் மிரளுவார்கள், அல்லது சங்கடத்தில் சிரிப்பார்கள். தோட்டத்தில் ஆள் பிடித்த நாளிலிருந்து தொடங்கலாம்.

வாசிக்கப்போகும் பக்கங்களை எழுத்தாளரிடம் ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கி, ஆசிரியரும் படித்துவிடட்டும். கேள்விகளுக்குக் கால் மணி நேரமாவது வேண்டும். நேரம் போதவில்லையென்றால் வரவேற்புரையைச் சுருக்கிக்கொள்ளலாம்.