டேங்குக்குள்ள என்ன இருக்கு மச்சி?



போன மாசம் ஆரணியிலேர்ந்து ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். மெக்கானிக்கல் மூணாவது வருஷம். மொத்தமே நாலு வரிதான். ‘சார், எங்க வீட்ல ரெண்டு மாசமா ஒரே சண்டை. காரணம் பெட்ரோல். அதுல எத்தனால் எவ்வளவு இருக்குன்னு காட்டுற மீட்டரை கார்ல மாட்டணும். ஐடியா குடுங்க.’

பெட்ரோலுக்காக வீட்டுக்குள்ள சண்டையா? விசாரித்தேன். அப்பா பட்டு நெசவாளி. தறி வருமானம் போதாமல், லோன் போட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். 2014 மாடல். புடவைக் கட்டோடு காஞ்சிபுரம், கல்யாணப் பார்ட்டியோடு வேலூர் என்று மாசம் சுமார் 2,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, இப்போ 14.5-ல் வந்து நிற்கிறது.

அப்பா சொல்றார்: “பங்க்ல தண்ணி ஊத்துறாம்பா!” மெக்கானிக் சொல்றார்: “எல்லாம் எத்தனால் பண்ற வேலைண்ணே.” அம்மா ஒரே வரியில் முடிச்சுட்டாங்க: “வித்துத் தொலைங்க.” நம்ம தம்பியோ வண்டி விற்றால் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

சரி, நேர்லயே பார்த்துடலாம்னு ஆரணிக்கு பஸ் ஏறிட்டேன்.

முதல்ல கொஞ்சம் ஹிஸ்டரி

பெட்ரோலில் எத்தனால் கலப்பது நேற்று வந்த விஷயமில்லை. 2003 ஜனவரியிலேயே தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் 5 சதவீதம் கலக்கும் திட்டம் ஆரம்பமானது. ஆனா, ரொம்ப வருஷம் நத்தை வேகம்தான். 2013-14ல் நாடு முழுக்கச் சராசரி கலப்பு 1.53 சதவீதம். அப்புறம்தான் டாப் கியர். 2022-ல் 10 சதவீதம். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த ‘இ20’ அறிமுகம். 2025-ல் நாடு முழுக்க 20 சதவீதம் என்ற இலக்கையே தொட்டாச்சு.

இந்த எத்தனால் வருவது கரும்புச் சாறு, மொலாசஸ், மக்காச்சோளம், அரிசி, நொய்... இதிலிருந்துதான். வயலும் அரிசி ஆலையும் நிறைந்த ஆரணிக்காரர்களுக்கு இதில் எதுவுமே அந்நியமில்லை.

நல்லது என்ன? கச்சா எண்ணெய் இறக்குமதி கொஞ்சம் குறையும். விவசாயிக்கு இன்னொரு வாடிக்கையாளர். ஆக்டேன் எண்ணும் ஏறும். கெட்டது என்ன? ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிறது. அதனால், சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20-ல் சக்தி சுமார் 6-7 சதவீதம் குறைவு. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையும் பழைய டிசைன் கார்களுக்கு 6-7 சதவீத மைலேஜ் இழப்பு இருக்கும் என்றுதான் சொன்னது.

இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கங்க. கடைசியில வேலைக்கு ஆகும்.

மீட்டர் எப்படி வேலை செய்யுது?

எத்தனால் சென்சார் என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு டப்பா. ஒரு பக்கம் பெட்ரோல் நுழையும், இன்னொரு பக்கம் வெளியே போகும். உள்ளே இரண்டு உலோகப் பரப்புகள். பிளஸ் டூ ஃபிசிக்ஸ்ல படிச்ச அதே கெபாசிட்டர்தான் பாஸ்! நடுவில் என்ன திரவம் இருக்கிறதோ, அதைப் பொறுத்து கெபாசிட்டன்ஸ் மாறும். பெட்ரோலின் மின்காப்பு மாறிலி சுமார் 2. எத்தனாலுக்கு சுமார் 24. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலும் சென்சார் கண்டுபிடித்துவிடும்.

உலகம் முழுக்க அதிகம் புழங்குகிற வகை, இதை ஹெர்ட்ஸில் சொல்லும். எத்தனாலே இல்லை என்றால் 50 ஹெர்ட்ஸ். முழுக்க எத்தனால் என்றால் 150. வருகிற எண்ணில் 50-ஐக் கழித்தால் சதவீதம் ரெடி. 70 வந்தால் 20 சதவீதம். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதை வைத்து எரிபொருளின் வெப்பநிலையையும் அதே ஒயரில் சொல்லிவிடும்.

மொத்தம் மூணே ஒயர்: 12 வோல்ட், எர்த், சிக்னல். சிக்னல் ஒயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு புல்-அப் ரெசிஸ்டர் போட்டு, ஒரு அர்டுயினோ போர்டில் கொடுத்து, இரண்டு துடிப்புக்கு இடையே எத்தனை மில்லிசெகண்ட் என்று எண்ணச் சொன்னால் போதும். 14.3 மில்லிசெகண்ட் என்றால் 70 ஹெர்ட்ஸ். பக்கத்தில் ஒரு குட்டி டிஸ்ப்ளே. உங்க மீட்டர் தயார்.

காரில் மாட்டுவது என்றால் ஃபில்டருக்கு அப்புறம், இன்ஜெக்டருக்குப் போகிற லைனை நடுவில் வெட்டி, சென்சாரைச் செருக வேண்டும். அங்கேதான் மெக்கானிக் அண்ணன் கையை விரித்துவிட்டார்.

“லைனை வெட்ட மாட்டேன்!”

“தம்பி, அந்த லைன்ல பெட்ரோல் சும்மா ஓடலை. மூணு, மூணரை பார் பிரஷர்ல ஓடுது. ஜாயின்ட்ல ஒரு சொட்டு கசிஞ்சு, சூடான இன்ஜின் மேல விழுந்தா என்னாகும்? பின்னாடி சீட்ல கல்யாணப் பொண்ணு உக்காந்திருக்கும். நான் செய்ய மாட்டேன்பா.”

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. ஆனா, நான் மெக்கானிக் கட்சி! அவர் சொன்னதில் இன்னும் ரெண்டு விஷயத்தைச் சேர்த்துக்குங்க. ஒண்ணு, வாடகை வண்டி எஃப்.சி.க்குப் போகணும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. இரண்டு, எசகுபிசகா ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கிற முதல் கேள்வியே ‘இது என்ன புது ஜாயின்ட்?’ என்பதாகத்தான் இருக்கும்.

“அப்போ ப்ராஜெக்ட் அம்பேலா சார்?”

“யார் சொன்னா? உனக்குத் தெரிய வேண்டியது டேங்கில் என்ன இருக்குன்னுதானே? சென்சார் காருக்குள்ள போகணும்னு அவசியமில்லையே. பெட்ரோல் சென்சார்கிட்ட வரட்டும்.”

காலேஜ் லேபிலேயே வைத்துக்கொண்டோம். ஒரு ஸ்டாண்டில் சென்சார். மேலே புனல், கீழே உலோகக் குவளை. மின்சுற்று மட்டும் தள்ளி ஒரு மூடிய டப்பாவில். ஜன்னல் எல்லாம் திறந்து, பக்கத்தில் தீயணைப்பான் வைத்து, லேப் அசிஸ்டென்ட் முன்னிலையில்தான் பெட்ரோல் கேனையே திறந்தோம்.

முதல் ரீடிங்: 58 ஹெர்ட்ஸ். “எட்டே பர்சன்ட்!” என்று குதித்தார் தம்பி. அப்பா முகத்திலோ ‘நான் அப்பவே சொன்னேன்ல, பங்க்ல ஏதோ கோல்மால்’. ஒரு நிமிஷம் பொறுங்கப்பா! குழாயைச் சாய்த்ததும் உள்ளிருந்து ‘புளுக்’கென்று ஒரு காற்றுக்குமிழி வெளியே வந்தது. காற்றின் மாறிலி 1. குமிழி இருந்தால் எத்தனால் குறைவாகத்தான் காட்டும். மறுபடி பார்த்தோம்... 70. மூன்று தடவை ஊற்றியும் 70-ஐ ஒட்டியே நின்றது.

அப்பா விடவில்லை. “மெஷின் சொன்னா ஆச்சா? ஜரிகையை நாங்க உரசிப் பார்த்துட்டுத்தான் நம்புவோம்.”

நியாயமான கேள்வி. ஏன்னா, தண்ணீரின் மாறிலி சுமார் 80. பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்திருந்தால் சென்சார் அதையும் எத்தனால் என்று நினைத்துக் கூட்டிச் சொல்லிவிடும். அதுக்குத்தான் இருக்கவே இருக்கு அளவுகுழாய் டெஸ்ட். முதலில் பெட்ரோலை மட்டும் ஊற்றி அசையாமல் வைத்தோம். அடியில் தனி அடுக்கு எதுவும் பிரியவில்லை. ஆக, தண்ணீர் தங்கவில்லை. அடுத்து 80 மில்லி பெட்ரோலுக்கு 20 மில்லி தண்ணீர். மூடிக் குலுக்கி வைத்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். பத்து நிமிஷத்தில் கீழே இருந்த 20 மில்லி, கிட்டத்தட்ட 36 ஆகியிருந்தது. கூடிய 16 மில்லிதான் எத்தனால். 80-க்கு 16 என்றால் 20 சதவீதம்!

அப்பா குழாயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “அந்த பங்க்காரரை வாய்க்கு வந்தபடி பேசிட்டேனேப்பா...” என்றார், மெதுவாக.

(வீட்ல ட்ரை பண்ணாதீங்க ப்ளீஸ். பெட்ரோல் ஆவிக்குக் கிச்சன் அடுப்பே போதும். லேபில், பெரியவர்கள் முன்னால் மட்டும். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டவும் கூடாது.)

அப்போ குற்றவாளி எத்தனாலா?

இங்கேதான் அந்த 6-7 சதவீதம் வருது. 18-ல் ஏழு சதவீதம் போனால் சுமார் 16.7 வர வேண்டும். வந்தது 14.5. மாசம் 2,000 கிலோமீட்டருக்கு இந்த வண்டி முன்னைவிட 27 லிட்டர் அதிகம் குடிக்கிறது. அதில் எத்தனால் கணக்கு 8 லிட்டர்தான். மிச்சம் 19 லிட்டரை வேறு யாரோ குடிக்கிறார்கள். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாசம் 1,900 ரூபாய்!

அடுத்த சாட்சி, காரின் சொந்த மூளை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு குட்டி ப்ளூடூத் கருவியைச் செருகினால், ‘ஃப்யூயல் ட்ரிம்’ என்ற எண்ணை மொபைலில் பார்க்கலாம். புகையில் இருக்கும் ஆக்சிஜனை மோப்பம் பிடித்து, இன்ஜின் எவ்வளவு கூடுதலாக எரிபொருள் கேட்கிறது என்று சொல்கிற எண். பிரேசிலில் 2003-லிருந்து ஓடுகிற ஃப்ளெக்ஸ் கார்களில் பெரும்பாலானவை தனி எத்தனால் சென்சாரே இல்லாமல் இந்த மோப்பத்தை வைத்தேதான் கலப்பைக் கணிக்கின்றன. நம்ம காரில் ட்ரிம் 5 சதவீதம் அளவில் நின்றது. இ20-க்கு அது சகஜம். அதாவது, இன்ஜின் நல்லாத்தான் இருக்கு.

எரிபொருள் ஓகே. இன்ஜின் ஓகே. அப்போ வண்டியைப் பிடித்து இழுப்பது எது?

மெக்கானிக் அண்ணனுக்குப் பொறி தட்டியது. ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பார்த்தார். முன்பக்க இடது சக்கரம் அரைச் சுற்றிலேயே நின்றது. பிரேக் ஜாம்! பெடலை விட்ட பிறகும் பிரேக் பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. “எத்தனால் எத்தனால்னு சொல்லிச் சொல்லி, சக்கரத்தைத் தொட்டே பார்க்கலைண்ணே. தப்பு என்னுதுதான்” என்று ஒத்துக்கொண்டார். அந்த வேலைக்குக் கூலியும் வாங்கவில்லை.

இன்னொரு காரியமும் செய்தார். பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் நாளடைவில் உப்பவைக்கும், வெடிக்கவைக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளின் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி வருகின்றன. 2014 வண்டிக்கு அந்த கேரன்டி கிடையாது. அதனால், எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், புது கிளாம்ப் என்று மாற்றிவிட்டார். பத்து வயசு தாண்டிய கார், பைக் வீட்டில் இருந்தால் நீங்களும் இதைச் செக் பண்ணச் சொல்லுங்க. பெட்ரோல் வாசனை வந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

போன வாரம் தம்பி போன் பண்ணினார். மைலேஜ் 16.5. பழைய 18 இனிமேல் வராது, அது அப்பாவுக்கும் தெரியும். மாசம் 800 ரூபாய்க்குமேல் எத்தனாலுக்காகக் கூடுதலாகப் போகிறது. வாடகைக் கார்க்காரருக்கு அது சின்னத் தொகை இல்லை, அந்த வருத்தத்தை எந்த மீட்டராலும் தீர்க்க முடியாது. ஆனா, வண்டி விற்கப்படவில்லை. ஃபீஸ் கட்டியாச்சு. அப்பா அந்த பங்க்குக்கே போய், “அன்னிக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன் தம்பி” என்று சொல்லிவிட்டு, டேங்க் ஃபுல் பண்ணிக்கொண்டு வந்தாராம்.

“ப்ராஜெக்ட்டுக்கு என்ன பேர் வெக்கலாம் சார்?” என்று கேட்டார் தம்பி. ‘பெட்ரோல் உரைகல்’ என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்குப் பிடித்திருக்கிறதாம்.

உங்க வீட்டு வண்டியிலும் இப்படி ஒரு மர்மம் ஓடுதா? எழுதி அனுப்புங்க. ஆனா அதுக்கு முன்னாடி, ஒரு தடவை சக்கரத்தைச் சுத்திப் பார்த்துடுங்க பாஸ்!

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!